'சபையின் அஸ்திபாரம்' மெட்டைத் தந்த எஸ்.எஸ். வெஸ்லி: ஐந்து ஊர் மாறியும் ஏன் நிம்மதி கிடைக்கவில்லை?

எட்டடிக்குழல் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் சபையில் பதினெட்டு வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். 'சபையின் அஸ்திபாரம் நல் மீட்பர் கிறிஸ்துவே' பாட்டை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் அதுதான், ஆயர் மாற்றலாகிப் போனாலும் அதுதான், புது ஆயர் வந்தாலும் அதுதான். நோட்டுப் புத்தகத்தில் மெட்டின் பெயர் ஆரேலியா என்றும், பக்கத்தில் சிறிய எழுத்தில் எஸ்.எஸ். வெஸ்லி என்றும் இருக்கும். ஜான் வெஸ்லி குடும்பத்தில் யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டு அதோடு விட்டிருந்தேன். போன மாதம் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கியதும் விட முடியவில்லை.

முழுப்பெயர் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லி. 1810 ஆகஸ்ட் 14-ல் லண்டனில் பிறந்தவர். பாட்டெழுதிய சார்ல்ஸ் வெஸ்லிதான் தாத்தா, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தாத்தாவின் அண்ணன். அப்பா சாமுவேல் வெஸ்லியும் பெரிய ஆர்கனிஸ்ட், இங்கிலாந்தில் யாரும் கண்டுகொள்ளாத காலத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் இசையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பரப்பியவர், அதனால்தான் மகனுக்குச் செபாஸ்டியன் என்று வைத்தார். ஆனால் அப்பா தன் மனைவியைப் பிரிந்து வீட்டில் வேலை பார்த்த சாரா சூட்டர் என்ற பெண்ணோடு வாழ்ந்தார், திருமணம் நடக்கவில்லை, அந்த உறவில் பிறந்த பிள்ளை இவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில், அதுவும் இத்தனை பெயர் பெற்ற ஊழியக் குடும்பத்தில், அது எவ்வளவு பெரிய பாரம் என்று நாம் ஊகிக்கலாம்.

சின்ன வயதில் அரச குடும்பத்து சேப்பல் ராயல் பாடகர் குழுவில் பாடினார். அப்புறம் லண்டனில் சில ஆலயங்களில் வாசித்துவிட்டு 1832-ல், இருபத்திரண்டு வயதில், ஹெரிஃபோர்ட் பேராலயத்துக்குப் போனார். 1835-ல் எக்ஸெட்டர், 1842-ல் லீட்ஸ், 1849-ல் வின்செஸ்டர், 1865-ல் குளோஸ்டர். அங்கேயே 1876-ல் இறந்தார். லீட்ஸ் மட்டும்தான் பெரிய பட்டணத்துச் சபை, மற்ற நாலும் பேராலயங்கள். ஒவ்வோர் இடத்திலும் நிர்வாகத்தோடு சண்டை. எழுதிய நல்ல பாடல்களில் பாதிக்குமேல் அந்தச் சண்டைகளுக்கு நடுவில் வந்தவை. இவரைப் பற்றித் தமிழில் பேச யாராவது இருக்கிறீர்களா?

சோல்ஃபா_டீச்சர்

இருக்கிறேன் தம்பி. நான் கொயர் நடத்துகிறவள், ஆர்கன் தெரியாது. எனக்கு அவர் அறிமுகமானது 'பிளெஸ்ஸட் பி தி காட் அண்ட் ஃபாதர்' என்ற ஆந்தம் (ஆராதனையில் கொயர் மட்டும் பாடும் பாட்டு) வழியாக. வேத வார்த்தைகள் முழுக்க 1 பேதுரு முதல் அதிகாரம். நடுவில் சிறுவன் ஒருவன் தனியாகப் பாடுவான், 'சுத்த இருதயத்தோடே ஒருவரிலொருவர் ஊக்கமாய் அன்புகூருங்கள்' என்ற வசனம் அது, மற்றச் சிறுவர்கள் பதில் சொல்வதுபோல வாங்கிப் பாடுவார்கள். கடைசிப் பகுதிக்கு முன்னால் 'மாம்சமெல்லாம் புல்லைப்போலவும்' என்று குரல்கள் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே வரும், திடீரென்று ஆர்கன் முழுப் பலத்தோடு ஒரே ஒரு சுரச் சேர்க்கையை (கார்ட்) அடிக்கும், உடனே 'கர்த்தருடைய வசனமோ என்றென்றைக்கும் நிலைத்திருக்கும்'. முதல் தடவை கேட்டபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதன் பின்னணிதான் என்னை உலுக்கியது. ஹெரிஃபோர்டில் ஓர் ஈஸ்டர் ஆராதனைக்காக எழுதினார். அங்கே ஆண் குரல்களைப் பாட வேண்டியவர்கள் குருமார்கள், அவர்கள் எல்லாரும் அன்றைக்குத் தங்கள் தங்கள் கிராமச் சபைகளில் ஈஸ்டர் ஆராதனை நடத்தப் போய்விட்டார்கள். மிஞ்சியது சிறுவர்களும் ஒரே ஒரு பாஸ் (தாழ்ந்த ஆண்) குரலும்தான். அந்த பாஸ் பாடியவர் பேராலயத்தின் தலைமைக் குருவான டீன் வீட்டு பட்லர் என்று சொல்லுவார்கள். ஒரு பேராலயம், ஈஸ்டர் தினம், ஒரே ஒரு பெரியவர்! இன்றைக்கு அந்தப் பாட்டை நூறு பேர் கொயர்கள் பாடுகின்றன.

போன வருடம் எங்கள் ஊரில் கல்யாண சீசன், ஞாயிறு காலை வந்தது ஐந்து பெண்களும் ஒரு தாத்தாவும். நான் கோபத்தில் ஆந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கதை அப்போது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

பாஸ்வரிசை

நல்ல இழை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஆர்வத்தில் ஆளைப் புனிதராக்கிவிட வேண்டாம். எக்ஸெட்டரில் இருந்தபோது பாடகச் சிறுவர்களை அடித்ததற்காக நிர்வாகம் அவரைக் கண்டித்தது. வின்செஸ்டரில் தானே வராமல் மாணவர்களை ஆர்கனில் உட்காரவைத்துவிட்டு மீன்பிடிக்கப் போகிறார் என்று பலமுறை குறை வந்தது. தூண்டில் போடுவதில் அவருக்கு அவ்வளவு மோகம். சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்று சொல்லப்பட்டது. நிர்வாகம் மட்டுமே கெட்டது, இவர் மட்டுமே பாதிக்கப்பட்டவர் என்ற மாதிரி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சிறு வயதில் கொயரில் அடி வாங்கியவன். கை நீட்டியவர் எத்தனை பெரிய மேதை என்றாலும் அந்தப் பையன்களின் பக்கம்தான் நான் நிற்பேன்.

எட்டடிக்குழல்

பாஸ்வரிசை அண்ணா, நீங்கள் சொன்னது உண்மை. சிறுவர்களை அடித்ததற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. வேலைக்கு வராமல் இருந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

அன்றைய பேராலயங்களின் நிலையைப் பாருங்கள். ஆண் பாடகர்களுக்கு அது ஆயுள் முழுக்க உள்ள பதவி, குரல் போனாலும் விலக்க முடியாது. சம்பளம் குறைவு, அதனால் வேறு தொழிலும் பார்ப்பார்கள். பத்துப் பேர் பெயர் பதிவேட்டில் இருந்தால் தினசரி ஆராதனைக்கு வருவது மூன்று நாலு பேர். அந்த நேரத்தில்தான் 1840-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டு, பேராலயங்களின் கேனன் பதவிகளை (பேராலயக் குருமார் பதவிகளை) குறைத்து வருமானத்தை ஏழைச் சபைகளுக்குத் திருப்பியது. அது நியாயமான நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பணம் கைமாறிய வேளையிலும் பாடகர் குழுவுக்கு என்று யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் வெஸ்லியின் ஆதங்கம்.

1849-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பேராலய இசையைப் பற்றிய சில வார்த்தைகளும் அதற்கான சீர்திருத்தத் திட்டமும் என்பது தலைப்பின் சாரம். அதில் அவர் கேட்டது வானத்தையும் பூமியையும் அல்ல. தினமும் குறைந்தது பன்னிரண்டு ஆண் பாடகர்கள் வேண்டும், அதற்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் நின்று எதிரெதிராகப் பாடும் முறையே நடக்காது, அவர்களுக்குப் பிழைக்கிற அளவு சம்பளம் வேண்டும், ஆர்கனிஸ்டுகளைத் தேர்ந்தெடுக்க இசை தெரிந்தவர்கள் வேண்டும், பேராலய இசைக்காரர்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்லூரி வேண்டும். இவ்வளவுதான். பெரிதாக எதுவும் அப்போது நடக்கவில்லை. பிற்பாடு வந்த தலைமுறை இவற்றில் பலவற்றைக் கொண்டுவந்தது. ஜான் ஸ்டெய்னர் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் 1872 முதல் பாடகர் குழுவைத் தூக்கி நிறுத்தியதை எல்லாரும் பாராட்டுகிறார்கள், இருபத்து மூன்று வருடம் முன்னால் அதைக் கேட்டவர் அப்போது குளோஸ்டரில் கசந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

வடக்குத்_தூறல்

நான் இருப்பது யார்க்ஷயரில், லீட்ஸுக்குப் பக்கம். லீட்ஸ் காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று உள்ளே வந்தேன். அதுதான் அவருக்குக் கிடைத்த நல்ல காலம், தொடக்கத்திலாவது. வால்டர் ஹுக் என்ற விகார் பழைய ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார், 1841-ல் பிரதிஷ்டை ஆனது. தொழிற்சாலைப் புகை சூழ்ந்த பட்டணம் அது, அங்கே ஒரு சாதாரணச் சபையில் பேராலயம் மாதிரி அங்கி போட்ட கொயர் தினமும் பாட வேண்டும் என்பது ஹுக்கின் பிடிவாதம். வெஸ்லிக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். 1845-ல் வெளியான ஈ மேஜர் சர்வீஸ் (தினசரி ஆராதனைக்கான பாடல்களின் தொகுப்பு) இங்கே இருந்தபோது முடித்ததுதான், அதன் முன்னுரையிலேயே பேராலயங்களைச் சாடத் தொடங்கிவிட்டார்.

இன்னொரு சம்பவம். 1847 டிசம்பரில் வடக்கே ஹெல்ம்ஸ்லி பக்கம் மீன்பிடிக்கப் போய் விழுந்து கால் முறிந்தது. ஊர் திரும்ப முடியாமல் அங்கே பிளாக் ஸ்வான் விடுதியில் பல மாதம் படுத்திருந்தார். அந்தப் படுக்கையில் எழுதியதுதான் 'காஸ்ட் மீ நாட் அவே', 51-ஆம் சங்கீதம். 'நீர் நொறுக்கின எலும்புகள் களிகூரும்' என்ற இடத்தில் குரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகரும், நிஜமாகவே எலும்பு நோகிற மாதிரி இருக்கும். அந்த விடுதி இன்னும் அங்கே இருக்கிறது. நான் வாசலில் நின்று காதில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். மார்ச் மாதம், தூறல். வேறொன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

சோல்ஃபா_டீச்சர்

அதே 51-ஆம் சங்கீதத்தில்தான் 'வாஷ் மீ த்ரூலி'யும் வருகிறது. 'என் அக்கிரமம் நீங்க என்னை முற்றிலும் கழுவி'. சின்னப் பாட்டு, எங்கள் கொயரில் லெந்து காலத்தில் பாடியிருக்கிறோம். ஆல்ட்டோவுக்கு அழகான வரி கொடுத்த அபூர்வமான ஆள். ஆல்ட்டோ பாடுகிறவர்களைக் கேளுங்கள், வழக்கமாக ஒரே சுரத்தில் நாலு பக்கம் நிற்க வேண்டியிருக்கும்.

குழல்பழுது

ஆர்கன் பழுது பார்க்கிறவன் நான், அந்தப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெஸ்லி வாலிபனாக இருந்தபோது இங்கிலாந்து ஆர்கன்களில் ஒழுங்கான பெடல், அதாவது காலால் வாசிக்கும் கட்டை வரிசை, கிடையாது. சிலவற்றில் பெடலே இல்லை, சிலவற்றில் ஒன்றரை ஸ்தாயி அளவுக்கு ஒரு கட்டை வரிசை. கை வரிசைதான் கீழே ஜி வரை நீண்டிருக்கும், இடது கையே பாஸையும் பார்த்துக்கொள்ளும். பாக்கின் பெரிய படைப்புகளை எழுதியபடி வாசிக்க ஜெர்மன் முறையில் முழுப் பெடல் வேண்டும். அப்பா பாக் பைத்தியம், மகன் கால் வேலையில் புலி. பர்மிங்காம் திருவிழாக்களில் அவர் வாசித்ததைக் கேட்டவர்கள் பெடலில் இப்படியும் செய்ய முடியுமா என்று வியந்தார்கள். யோசித்து எழுதாமல் அங்கேயே உட்கார்ந்து ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல் குரலாகப் பின்னிக் கட்டும் வடிவம்) கட்டுவதிலும் பெயர் பெற்றவர்.

1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் பெரிய கண்காட்சி நடந்தது. அதில் ஹென்றி வில்லிஸ் என்ற முப்பது வயது ஆர்கன் தயாரிப்பாளர் 70 ஸ்டாப் (ஒவ்வொரு குழல் வகையையும் ஒலிக்கவிடும் இழுப்புக் கட்டை) கொண்ட ஒரு ராட்சச ஆர்கனை வைத்தார். வெஸ்லி அதைப் பார்த்துவிட்டு வின்செஸ்டர் நிர்வாகத்தை விடாமல் பேசிச் சம்மதிக்கவைத்து, அளவைக் குறைத்து 1854-ல் பேராலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். சண்டைக்காரர் என்கிறீர்கள், அந்தச் சண்டைக் குணம் இல்லாவிட்டால் அந்த ஆர்கன் வந்திருக்காது. பிற்காலத்தில் எவ்வளவோ மாற்றி அமைத்தார்கள், ஆனாலும் அதன் குழல்களில் பல இன்றைக்கும் வின்செஸ்டரில் ஒலிக்கின்றன.

அப்புறம் பெடல் பலகை. நடுவில் குழிந்து, விசிறி மாதிரி விரிந்திருக்கும் பெடல் பலகையை நாம் இன்று சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். முன்னால் தட்டையாக, நேர்க்கோடுகளாக இருந்தது. குழிவு அந்தக் கண்காட்சிக்கு வந்த ஜெர்மன் ஆர்கன் தயாரிப்பாளர் ஷுல்சேயின் ஆர்கனில் வில்லிஸ் பார்த்தது என்றும், அதை விசிறியாக விரிக்கலாம் என்ற யோசனை வெஸ்லி சொன்னது என்றும் எங்கள் தொழிலில் சொல்வார்கள். முழங்காலை மடக்காமல் ஓரத்துக் கட்டையைத் தொடும்போதெல்லாம் நான் அவரை நினைப்பது உண்டு.

ஆனால் எல்லா விஷயத்திலும் அவர் முன்னோக்கிப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹால் ஆர்கன், 100 ஸ்டாப், 1855-ல் திறந்தார்கள். ஆலோசகர் வெஸ்லி, கட்டியவர் வில்லிஸ். அங்கே வெஸ்லி இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று, கை வரிசை பழையபடி கீழே ஜி வரை போக வேண்டும். முழுப் பெடல் இருக்கும்போது இதற்கு அவசியமே இல்லை, காசுதான் செலவு. இரண்டு, குழல்களுக்குச் சுருதி சேர்க்கும் முறை. எல்லாச் சுரங்களுக்கும் இடையே சம தூரம் வைக்கும் ஈக்வல் டெம்பரமென்ட் அவருக்கு ஆகவே ஆகாது. பழைய முறையில் சி, ஜி, எஃப் போன்றவை தேனாக இருக்கும், ஷார்ப் கூடிக்கொண்டே போனால் காது கூசும். 1867-ல் அந்த ஆர்கனைச் சம சுருதிக்கு மாற்றினார்கள்.

எனக்கு இன்னும் புரியாத புதிர் இதுதான்: பழைய சுருதிதான் வேண்டும் என்று நின்ற அதே மனிதர் தன் பெரிய சர்வீஸை ஈ மேஜரில் எழுதினார், பழைய சுருதியில் மோசமாக ஒலிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று! அவர் பாடல்கள் போகிற தூரத்துச் சுருதிகளைப் பார்த்தால் சம சுருதியை முதலில் கேட்டிருக்க வேண்டியவரே அவர்தான்.

பாஸ்வரிசை

குழல்பழுது சார், பெடல் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. நான் முன்னால் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் நேற்று இரவு 'தி வில்டர்னஸ்' முழுக்கக் கேட்டேன். ஏசாயா 35. 'வனாந்தரமும் வறண்ட நிலமும் மகிழ்ந்து' என்று தொடங்கி 'சஞ்சலமும் தவிப்பும் ஓடிப்போம்' என்று முடிகிறது. கடைசியில் 'ஓடிப்போம்' என்பதை வேகமாக ஓடவிடாமல், மெதுவாக, ஒவ்வொரு குரலாக விலகிப் போகிற மாதிரி அமைத்திருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பையன் எழுதியது என்பது நம்பவே முடியவில்லை. ஹெரிஃபோர்டில் ஆர்கனைப் புதுப்பித்துத் திறந்த 1832 நவம்பருக்காக எழுதினார், அடுத்த வருடம் ஆலய இசைக்கான கிரெஷாம் பரிசுக்கு அனுப்பினார், கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவர் இது கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் பேராலய இசை அல்ல என்று எழுதிவைத்தார்.

இப்படி முதல் அடியிலேயே வாங்கியவன் மனதில் கசப்பு தங்கியிருக்கும். சிறுவர்கள் மேல் அதைக் காட்டியது தப்பு, அதில் மாற்றமில்லை.

வடக்குத்_தூறல்

ஆரேலியா பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே? முதலில் அது அந்தப் பாட்டுக்காகவே எழுதப்பட்டதில்லை. 1864-ல் ஒரு பாட்டுப் புத்தகத்தில் 'பொன் எருசலேம்' பற்றிய பாடலுக்கு மெட்டாக வந்தது. ஆரேலியா என்ற பெயரே பொன் என்பதற்கான லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். சாமுவேல் ஸ்டோன் என்ற குருவானவர் 'சபையின் அஸ்திபாரம்' பாட்டை ஆங்கிலத்தில் எழுதியது 1866-ல். தென்னாப்பிரிக்காவில் நடால் பிஷப் கொலென்சோ வேதாகமத்தைப் பற்றி எழுதியதால் சபை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த சமயம் அது. 1868-ல் வந்த 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' பாட்டுப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில்தான் இந்த மெட்டும் அந்த வார்த்தைகளும் ஒன்றுசேர்ந்தன. இன்னோர் இசையமைப்பாளரான கான்ட்லெட் இதை மட்டமான, கோயிலுக்கு ஆகாத மெட்டு என்று வைதார். ஜனங்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எட்டடிக்குழல்

இதை வாசித்த பிறகு என் மனதில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வின்செஸ்டர் நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டிருந்த கடைசி வருடத்தில்தான் ஆரேலியா அச்சில் வந்திருக்கிறது. அடுத்த வருடமே குளோஸ்டர் போய்விட்டார். அங்கே ஆர்கனிஸ்ட் பதவிக்கு யாரைப் போடலாம் என்று அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள், நானே வருகிறேன் என்று சொல்லி அவர்களைத் திகைக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு.

குளோஸ்டரில் இருந்தபோது மூன்று பேராலயங்கள் சேர்ந்து நடத்தும் திருவிழாவில் 1871-ல் பாக்கின் மத்தேயு பாஷனை (மத்தேயு சுவிசேஷத்தின்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பெரிய இசைப் படைப்பை) நடத்தினார். அப்பா வைத்த பெயருக்கு மகன் செய்த மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. 1872-ல் 'யூரோப்பியன் சாமிஸ்ட்' என்று எழுநூறுக்கு மேல் மெட்டுகள் கொண்ட தொகுப்பு வந்தது, வருடக்கணக்காக உழைத்தது. நூற்றுக்கு மேல் அவருடைய சொந்த மெட்டுகள். 1873-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் சர் பட்டம் வேண்டுமா அல்லது வருடம் 100 பவுண்டு ஓய்வூதியம் வேண்டுமா என்று கேட்டார். ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டார்.

நான் இதைப் படித்தபோது வெகுநேரம் யோசித்தேன். வாழ்நாள் முழுக்க இசைக்காரனுக்கு மதிப்பு இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தவர், மதிப்பு வீடு தேடி வந்த நாளில் அறுபதைத் தாண்டிய வயது, வீட்டுச் செலவு, பிள்ளைகள் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நூறு பவுண்டை முப்பது வருடம் முன்னால் எந்தப் பேராலயமாவது கொடுத்திருந்தால்?

சோல்ஃபா_டீச்சர்

அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது? குளோஸ்டரிலா?

வடக்குத்_தூறல்

இல்லை அக்கா. 1876 ஏப்ரல் 19-ல் குளோஸ்டரில் இறந்தார், அடக்கம் செய்தது எக்ஸெட்டரில். முப்பத்தாறு வருடம் முன்னால் எக்ஸெட்டரில் இருந்தபோது கைக்குழந்தையாக இறந்துபோன ஒரே மகளை அங்கே புதைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். சிறுவர்களை அடித்தார் என்று பாஸ்வரிசை சொன்னது அந்த எக்ஸெட்டர் காலம்தான்.

பாஸ்வரிசை

இது எனக்குத் தெரியாது.

குழல்பழுது

கேட்காதவர்கள் 'தௌ வில்ட் கீப் ஹிம் இன் பெர்ஃபெக்ட் பீஸ்' இன்றைக்கே கேளுங்கள். ஏசாயா 26:3, 'நீர் அவனைப் பூரண சமாதானத்துடன் காத்துக்கொள்வீர்'. ஐந்து குரல், சின்னப் பாட்டுதான். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவில் பாடினார்கள். ஊர் ஊராகச் சண்டை போட்ட மனிதரிடம் இருந்து வந்த பாட்டு அது.

எட்டடிக்குழல்

சோல்ஃபா டீச்சர் அக்கா, ஓர் உதவி. 'பிளெஸ்ஸட் பி' பாட்டுக்கு சோல்ஃபா சுரக்குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன், தமிழ் வார்த்தைகளைப் பழைய மொழிபெயர்ப்பில் இருந்து அப்படியே போடுகிறேன். 'ஒருவரிலொருவர் ஊக்கமாய்' என்ற இடத்தில் எழுத்துகள் அதிகம், சுரம் குறைவு, திணறுகிறது. 'ஊக்கமாய்' சொல்லை விடாமல் எப்படி உட்காரவைப்பது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? எங்களிடம் இப்போது நாலு சோப்ரானோ, இரண்டு ஆல்ட்டோ, ஒரு பாஸ். வருகிற ஈஸ்டருக்குள் முடித்துவிட வேண்டும்.

சோல்ஃபா_டீச்சர்

எழுதினவரைக்கும் அனுப்பு தம்பி. 'ஒருவரிலொருவர்' என்பதை இரண்டு சுரத்துக்குள் வேகமாகச் சொல்லிவிட்டு, 'ஊ' மேல் அந்த நீண்ட சுரத்தைப் போட்டுப் பார். தனிக் குரலுக்குப் பையன் இருக்கிறானா?

எட்டடிக்குழல்

ஒருவன் இருக்கிறான், பதினோரு வயது. சனிக்கிழமை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.